இன்னும் ஒரே ஒரு ஆட்டம்

அத்தியாயம் 17

ஞாயிறு காலை எட்டரைக்கு அமீருன்னிசாவின் கார் வாசலில் வந்து நின்றது. எஞ்சின் நின்ற பிறகும் அவள் இறங்கவில்லை.

குசினி ஜன்னலில் நின்று சஃபா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு வேலை முடிந்து வரும் நாட்களில் உம்மா இப்படித்தான். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள். முதியோர் இல்லத்தில் பத்து மணி நேரம் நின்ற கால்களுக்கு வீட்டு வாசற்படி ஏறுவதற்கும் கொஞ்சம் தயாராக வேண்டியிருந்தது.

இன்றைக்கு உம்மா இன்னும் கொஞ்ச நேரம் காரிலேயே இருந்தால் நல்லது என்று சஃபா நினைத்தாள். அவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்த விஷயம்.

வியாழக்கிழமை அவள் அண்ணன் ருஷ்தி நானா அனுப்பிய ஸ்கான் படம் இன்னும் அவள் போனில்தான் இருந்தது. 'உம்மா வாப்பாவுக்குச் சொல்ல வேணாம், ப்ராமிஸ்?' என்ற வரி முதலில் வந்தது. என்னவோ ஏதோ என்று பாராமலே அவள் ஒரு கட்டைவிரல் குறியை அனுப்பிவிட்டாள். படம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பிசியோதெரபி கடைசி வருடம் படிக்கிறவளுக்கு அந்தப் படத்தைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் ஒரு வெடிப்புக் கோடு. இருந்தாலும் வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும், பெயரை மறைத்து, விரிவுரையாளர் ஹரிப்பிரியாவிடம் காட்டினாள்.

"யாரும்மா இந்த பேஷண்ட்?" என்று கேட்டார் அவர். "இப்ப நடந்துட்டு இருக்காரா? நிக்கவே கூடாது. இன்னிக்கே ஊன்றுகோலைக் குடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

அந்த பேஷண்ட் இன்று மத்தியானம் எழுபதாயிரம் பேர் முன்னால் பந்து உதைக்கப் போகிறான்.

ருஷ்தி அமெரிக்கா போன கதை நினைவிருக்கிறவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டிப் போகலாம்.

கிளென் வேவர்லி பள்ளி மைதானத்தில் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து ஆடி வளர்ந்தவன் அவன். பதினெட்டு வயதில், ஓட்டம் போதாது என்று இளையோர் அணியிலிருந்து கழித்துவிட்டார்கள். உதையை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. உதைக்கத் தெரிந்த பையன்களைத் தேடி, அமெரிக்கன் ஃபுட்பால் ஆட அங்குள்ள கல்லூரிகளுக்கு அனுப்பும் பயிற்சியாளர் ஒருவர் மெல்பேர்னில் இருந்தார். அவர் கண்ணில் பட்டான். இருபது வயதில் கான்சஸ் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஊரில் போய் இறங்கினான். அவன் வேலைக்குப் பெயர் பண்ட்டர். அணி முன்னேற முடியாமல் தடுமாறும்போது உள்ளே வந்து, பந்தை எதிராளியின் எல்லை வரை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே போய்விட வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு ஐந்து உதை, ஆறு உதை. ஒவ்வொன்றும் நாலு விநாடி. அந்த நாலு விநாடிக்காக முதல் வருடம் முழுவதும் பெஞ்சில் இருந்தான். இரண்டாம் வருடம் இடம் கிடைத்தது. மூன்றாம் வருடம் அந்தப் பிரிவிலேயே சிறந்த பண்ட்டர் என்று ஒரு பட்டயம் கொடுத்தார்கள். இது நான்காம் வருடம், கடைசி ஆட்டம். தொழில்முறை அணிகள் இரண்டிலிருந்து ஆட்கள் அவனைப் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள்.

"நிஸா, வந்திட்டியா?"

ஹோலுக்குள் சிஹாப்தீன் டீவிக்குப் பின்னால் முழங்காலில் நின்று வயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மகனுடைய அணியின் கருஞ்சிவப்பு ஜேர்சி அவர் வயிற்றில் இறுகியிருந்தது. முதுகில் நாற்பத்தேழு, அதற்கு மேலே சிஹாப்தீன் என்ற பெயர். மகனின் குடும்பப் பெயர் தகப்பனுடைய பெயர்தானே. அமெரிக்க வர்ணனையாளர்கள் அதை ஷீ-ஹாப்-டீன் என்று மூன்றாக உடைத்துச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு சின்னப்பிள்ளையைப் போலச் சிரிப்பார். கொழும்பில் கட்டட அளவையாளராக இருந்தவர். இங்கே நகரசபையில் வாகனத் தரிப்பிடப் பிரிவில் பதினாறு வருடம். அவருடைய பெயரை உரக்கச் சொல்ல வேறு யாரும் இருக்கவில்லை.

"ஓம், வந்திட்டன்." அமீருன்னிசா கைப்பையைக் கதிரையில் வைத்தாள். "எத்தனை மணிக்கு?"

"பன்ரெண்டுக்கு. நீ கொஞ்சம் படு. நான் எழுப்புறன்."

"எழுப்புங்க."

அவள் ஆட்டங்களைப் பார்ப்பதில்லை. மகன் மேல் யாராவது வந்து மோதுவார்களோ என்று பயம். கடைசி ஆட்டம் என்பதால் இன்றைக்கு மட்டும் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு ருஷ்தி வீடியோவில் வந்தான். அங்கே சனிக்கிழமை மாலை ஐந்து மணி. தாடியைச் சீராக வெட்டியிருந்தான். கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வாப்பா, டீவி வேலை செய்யுதா?"

"நேத்தே செக் பண்ணிட்டன் மகன். நீ உன்ட வேலையப் பாரு. கால் எப்பிடி?"

"சும்மா தசைப் பிடிப்புதானே வாப்பா. இப்ப பரவாயில்ல."

"சாப்பிட்டியா மகன்?" என்று அறைக்குள்ளிருந்து அமீருன்னிசாவின் குரல் வந்தது.

"யெஸ் உம்மா. நீங்க படுங்க."

சஃபா வாப்பாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். "எனக்கும் கதைக்கணும்" என்று பின்பக்கக் கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனாள். துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நின்றாள். வெயில் ஏற்கனவே சுட்டது.

"நானா, அந்தப் படத்தை என்ட லெக்சரருக்குக் காட்டினன். பேர் சொல்லல்ல."

ருஷ்தியின் முகம் மாறியது. அவன் எழுந்து எங்கோ நடந்து ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உன்னை யாரு காட்டச் சொன்ன?"

"நீங்க நிக்கவே கூடாதாம். அங்க உங்கட டொக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வேற ஊருக்குப் போய் என்ட பாட்டுக்கு எடுத்த ஸ்கான் அது. இவங்களுக்குத் தசைப் பிடிப்பு எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன்."

"எலும்பு விலகினா அந்த இடத்துக்கு ரத்தம் போகாது நானா. இருபத்தினாலு வயசில இடுப்பு மாத்த வேண்டி வரும். அதுக்குப் பிறகு உதைக்கிறதை விடுங்க, படி ஏற ஏலாது."

"சஃபா, எனக்குத் தெரியும். நானும் படிச்சுப் பார்த்தனான்."

"தெரிஞ்சுமா?"

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் சஃபாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"மூணு கிழமையா நான் ஒழுங்காத் தூங்கல்ல. மாத்திரை போட்டாலும் கட்டில்ல புரண்டு படுக்க ஏலாது. எனக்கும் களைச்சுப் போச்சு, சஃபா. எனக்கும் இதை முடிக்கணும்தான். ஆனா உதைச்சிட்டு முடிக்கணும். பெஞ்சில இருந்து முடிக்க எனக்கு விருப்பமில்ல. இன்னும் ஒரே ஒரு ஆட்டம். அஞ்சு உதை. நாளைக்குக் காலைல டொக்டரிட்ட நானே போய்ச் சொல்றன்."

"அஞ்சாவது உதைக்கு முதல் உடைஞ்சா?"

"உடையாது."

"எப்பிடித் தெரியும்?"

"நீ ப்ராமிஸ் பண்ணின" என்றான் ருஷ்தி. "லவ் யூ. போனை வை." அழைப்பு நின்றது.

ஹோலுக்கு வந்தபோது சிஹாப்தீன் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். கிளேட்டனில் ஒரு வீட்டில், இறைச்சி வைத்துப் பொரிக்கும் பற்றீஸ் சொல்லி வைத்திருந்தார். நாலு வருடமாக ருஷ்தியின் ஆட்டம் என்றால் அந்த வீட்டுப் பற்றீஸ்தான். "பதினொண்டரைக்குள்ள வந்திடுவன் மகள். அந்த ரிமோட்ட மட்டும் யாரும் தொட வேணாம்."

கார் தெருமுனை திரும்பும் வரை சஃபா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

அமீருன்னிசா சீருடையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை.

"என்ன மகள்?"

சஃபா சொன்னாள். சொல்லத் தொடங்கியதும் அழுகை வந்துவிடும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. படம், லெக்சரர், வேறு ஊர் ஸ்கான், அஞ்சு உதை என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்து, போனை நீட்டினாள்.

அமீருன்னிசா எழுந்து உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"எத்தனை நாளா நோவு?"

"மூணு கிழமை, இருபது நாளுக்கு மேல."

"உனக்கு எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமை."

உம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டவும் தெம்பு வேண்டும். கட்டிலை விட்டு இறங்கி அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கோப்பை எடுத்தாள். ருஷ்தி அமெரிக்கா போன வருடத்தில், பல்கலைக்கழகம் பெற்றோருக்கு அனுப்பிய காகிதங்கள் அதில் இருந்தன. அவசரத்துக்கு அழைக்க ஒரு எண். அணியின் காயங்களைப் பார்க்கும் பெண், பெயர் டானா.

"உம்மா, நானா என்னை மன்னிக்க மாட்டார்."

"கதவைச் சாத்து" என்றாள் அமீருன்னிசா.

முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் மணி அடித்துக்கொண்டே போனது. நிற்கப் போகும் நேரத்தில் எடுத்தார்கள். பின்னணியில் பாண்டு வாத்தியம் முழங்கியது.

அதற்குப் பிறகு உம்மா பேசியதை சஃபா அன்று முழுவதும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள். உம்மா அழுதுகொண்டு பேசவில்லை. 'என்ட மகன்' என்று தொடங்கவில்லை. காலையில் வேலை மாறும்போது அடுத்த தாதியிடம் நோயாளியை ஒப்படைக்கும் அந்தக் குரலில், ஒவ்வொரு சொல்லாக, நிதானமான ஆங்கிலத்தில் சொன்னாள். பெயர் முகம்மது ருஷ்தி சிஹாப்தீன். வயது இருபத்து நான்கு. இடது இடுப்பு. தொடை எலும்பின் கழுத்தில் வெடிப்பு, ஸ்கானில் உறுதி. மூன்று கிழமையாக வலி, மாத்திரையால் மறைத்து வைத்திருக்கிறார். உங்களிடம் தசைப் பிடிப்பு என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஆடப் போகிறார்.

அந்தப் பக்கம் வாத்தியச் சத்தம் குறைந்தது; டானா எங்கோ ஒதுங்கிப் போயிருந்தாள்.

பிறகு டானா என்னவோ கேட்டாள். அமீருன்னிசா, "நான் அவன் தாய். நான் தாதியும்தான்" என்றாள். "படத்தை இப்போதே அனுப்புகிறோம். தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள்."

படம் அனுப்ப டானா சொன்ன எண்ணை வாசித்து, சஃபாவின் பக்கம் திரும்பினாள். "அனுப்பு."

சஃபாவின் விரல் திரையின் மேல் நின்றது.

"அனுப்பு மகள். அல்லது போனைத் தா, நான் அனுப்புறன்."

சஃபாவே அனுப்பினாள்.

பதினொன்றே முக்காலுக்கு சிஹாப்தீன் பற்றீஸ் பெட்டியோடு வந்தபோது இருவரும் ஹோலில் உட்கார்ந்திருந்தார்கள். அமீருன்னிசா சீருடையை மாற்றி, முகம் கழுவியிருந்தாள்.

"பாரு, உம்மாவே எழும்பி வந்திட்டா!" என்றார் அவர் சந்தோஷமாக.

அவருக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று அமீருன்னிசா அறைக்குள்ளேயே சொல்லிவிட்டாள். சொன்னால் அவர் உடனே மகனுக்கு போன் போடுவார். அவன் ஏதாவது சொல்லி டானாவைச் சமாளித்துவிடுவான். "அவர்ட மனசுக்கு மறைக்கத் தெரியாது" என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் கணவனிடம் அவள் மறைத்த பெரிய விஷயம் வேறு எதுவும் இல்லை.

கடைசி வருட மாணவர்கள் தாய் தகப்பனோடு மைதானத்துக்குள் நடந்து வரும் சடங்கு முதலில் வந்தது. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். தாய்மார்கள் கையில் ஆளுக்கொரு பூச்செண்டு. ருஷ்தி தனியாக வந்தான். உம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய பூச்செண்டை அவனே பிடித்திருந்தான். வர்ணனையாளர், குடும்பம் ஆஸ்திரேலியாவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது என்றார்.

"நாங்க போயிருக்கணும் நிஸா" என்றார் சிஹாப்தீன். "எப்பிடியாவது போயிருக்கணும்."

அமீருன்னிசா பூவைப் பார்க்கவில்லை. அவன் நடையைப் பார்த்தாள். இடது காலை வைத்தவுடன் எடுத்துவிடுகிறான். பாரம் முழுவதும் இறங்கும் முன்னாலேயே. மைதானத்தில் எழுபதாயிரம் பேர் இருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் அது பட்டிருக்காது.

"அவ பார்த்திருப்பாதானே?" என்று சஃபா மெல்லக் கேட்டாள்.

"யாரு?" என்றார் சிஹாப்தீன்.

"ஒண்டுமில்ல வாப்பா."

ஆட்டம் தொடங்கியது. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். ருஷ்தியின் அணி முன்னேறி ஒரு கோல் உதைத்துப் புள்ளி எடுத்தது. அதற்கு வேறு உதைகாரன். எதிரணி முன்னேறியது. ருஷ்தியை யாரும் கூப்பிடவில்லை. சஃபா மேசைக்குக் கீழே போனைத் திறந்து பார்த்தாள். டானா படத்தைப் பார்த்துவிட்டதாக அடையாளம் மட்டும் இருந்தது. பதில் இல்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அணி தடுமாறியது. தங்கள் எல்லைக்கு மிகப் பக்கத்தில் பந்து மாட்டிக்கொண்டது.

"இப்ப வருவான்" என்றார் சிஹாப்தீன். கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

நாற்பத்தேழு ஓடி வந்தது.

சஃபா உம்மாவைப் பார்த்தாள். உம்மாவின் இரண்டு கைகளும் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

ருஷ்தி பின்னால் தள்ளி நின்றான். கைகளை நீட்டினான். பந்து வந்தது. இரண்டு அடி எடுத்து வைத்தான். எதிரணியின் பெரிய உடம்பு ஒன்று அவன்மேல் பாய்ந்து வந்துகொண்டிருக்கும்போதே, இடது காலை ஊன்றி, வலது காலை வீசினான்.

பந்து மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. கமராவால் அதைப் பின்தொடர முடியவில்லை. விளக்குகளுக்கு மேலே மறைந்து, மறுபடி தெரிந்து, எதிரணியின் ஆள் பின்னால் ஓடி ஓடி, பிடிக்க முடியாமல் விட்டு, பந்து கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்து பக்கவாட்டில் உருண்டு வெளியே போய் நின்றது. ஐம்பத்தெட்டு யார்டு தூரம்.

ஷீ-ஹாப்-டீன் என்று வர்ணனையாளர் கத்தினார்.

சிஹாப்தீன் எழுந்துவிட்டார். "பார்த்தியா! நிஸா, பார்த்தியா! அல்ஹம்துலில்லாஹ்! அவனைப் பார்க்க வந்த ரெண்டு பேரும் இதைப் பார்த்திருப்பாங்க. இதுக்கு மேல என்னத்த பார்க்க இருக்கு!" அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

அமீருன்னிசா பார்த்தாள். அவளுக்குப் பந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. உதைத்த பிறகு மகன் ஓடவில்லை, அதைத்தான் பார்த்தாள். மற்றவர்கள் எல்லாரும் பந்தின் பின்னால் ஓட, அவன் உதைத்த இடத்திலேயே ஒற்றைக் காலில் நின்றான். பிறகு மெல்ல, வயதானவர்கள் குளியலறைக்குப் போவது போல, ஓரத்துக்கு நடந்தான்.

ஓரத்தில் அவனுக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். குட்டையான தலைமயிரோடு ஒரு பெண். அவள் கையில் போன். பக்கத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர்.

கமரா அவர்களை விட்டுவிட்டு விளம்பரத்துக்குப் போனது. வாகன விளம்பரம், பிட்ஸா விளம்பரம், காப்புறுதி விளம்பரம். சிஹாப்தீன் பற்றீஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார். யாரும் எடுக்கவில்லை.

ஆட்டம் திரும்பி வந்தபோது ருஷ்தியைக் காட்டினார்கள். அவன் அந்தப் பெண்ணிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். கையை ஆட்டினான், தலையை ஆட்டினான். வெள்ளைத் தாடிக்காரர் அவன் தோளில் கை வைத்தார். அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். அப்போது அந்தப் பெண் அவன் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கி, தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"அவ ஏன் ஹெல்மெட்ட எடுக்கிறா?" சிஹாப்தீன் டீவிக்குக் கிட்டப் போனார். "ஹெல்மெட் இல்லாம உள்ள போக ஏலாதே. ஹெல்மெட்ட எடுத்தா... ஏன்? நல்லாத்தானே உதைச்சான்?"

ருஷ்திக்கு இடுப்புக் காயம் என்று தெரிய வருகிறது, இன்று இனி ஆடமாட்டான் என்றார் வர்ணனையாளர்.

"இடுப்பா? தசைப் பிடிப்பெண்டுதானே சொன்னான்? இவங்களுக்கு யாரு..."

"நான்தான் போன் எடுத்தன்" என்றாள் அமீருன்னிசா.

அவர் திரும்பினார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சஃபா ஒரு சொல் சொல்ல வாயெடுத்தபோது கையால் நிறுத்திவிட்டு, தானே சொன்னாள். சிஹாப்தீன் ரிமோட்டைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே கேட்டார். அவர் முதுகில் இருந்த பெயரைத்தான் சஃபா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பற்றீஸ் எடுக்கப் போன நேரம்" என்றார் கடைசியில்.

"ஓம்."

"நாலு வருஷம், நிஸா. நாலு வருஷம் அந்தப் பிள்ளை ஒரு மனிசரும் இல்லாத ஊர்ல... இன்னும் ரெண்டு மணித்தியாலம் பொறுக்க ஏலாமப் போச்சா உனக்கு? என்னிட்ட ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமப் போச்சா?"

"சொல்லியிருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்க."

"விட்டிருக்க மாட்டன்! அவன்ட வாழ்க்கை இது. அவன் கேட்டது இது ஒண்டுதான்."

அமீருன்னிசா சண்டை போடும் குரலில் பேசவில்லை.

"ராத்திரி பன்ரெண்டாம் அறையில ஒரு மனிசியத் திருப்பிப் படுக்க வச்சன். இடுப்பு உடைஞ்ச மனிசி. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பணும். ஒவ்வொரு தரமும் கத்துவா. அவவுக்கு எண்பத்தொன்பது வயசு. இவனுக்கு இருபத்தினாலு." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "எனக்கு வேற ஒண்டும் தெரியாதுங்க. ஃபுட்பால் தெரியாது. இது மட்டும்தான் தெரியும்."

சிஹாப்தீன் கதிரையில் உட்கார்ந்தார். டீவியை நிறுத்துவார் என்று சஃபா எதிர்பார்த்தாள். நிறுத்தவில்லை. ருஷ்திக்குப் பதிலாக வேறொரு பையன் வந்தான். நடுங்கி நடுங்கி உதைத்தான். நாலு தடவை உதைத்தான். ஒவ்வொன்றையும் சிஹாப்தீன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பார்த்தார். ருஷ்தியை அதற்குப் பிறகு காட்டவே இல்லை.

அணி தோற்றது. அவர் எழுந்து போய் கை கால் கழுவி ஒளு எடுத்து, தாமதமான ளுஹரை, மத்தியானத் தொழுகையைத் தொழுதார். வழக்கத்தைவிட வெகுநேரம் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் கிடந்தார்.

நாலு மணிக்கு அவருடைய போன் அடித்தது. வீடியோ இல்லை. குரல் மட்டும். அவர் அதை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார்.

"வாப்பா."

"சொல்லு மகன்."

"ஆஸ்பத்திரியில இருக்கிறன். இவங்களும் ஸ்கான் எடுத்தாங்க. விடிஞ்சவுடனே ஒப்பரேஷன். மூணு ஸ்க்ரூ போடுவாங்களாம்." இடையில் மூச்சு வாங்கினான். "அந்தக் கோடு பெருசாகிட்டாம். இன்னும் ஒரு உதை எண்டா விலகியிருக்கும் எண்டு டொக்டர் சொல்றார்."

அமீருன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது முடிஞ்ச கதை" என்றான் ருஷ்தி. "என்னைப் பார்க்க வந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. கை குடுத்திட்டுப் போனாங்க. எனக்கு ஒண்டு மட்டும் தெரியணும். யாரு சொன்ன? டானா சொல்ல மாட்டாவாம்."

சஃபா முன்னால் வந்தாள். அமீருன்னிசா அதற்கு முன்னால் போனை நோக்கிக் குனிந்தாள்.

சிஹாப்தீன் போனை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"நான்தான் மகன்."

அவர் போனை இன்னும் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"சஃபாட போன்ல நான் பார்த்தன். அவளுக்குத் தெரியாம எடுத்து அனுப்பினன். உம்மா அந்த நேரம் நித்திரை."

"நீங்களா?" ருஷ்தியின் குரல் உடைந்தது. "வாப்பா, வேற யாரும் எண்டா... நீங்களா? நீங்கதானே எனக்கு..."

"ஓம். நான்தான்."

"அது என்ட கால், வாப்பா. என்ட முடிவு. உங்களுக்கு அந்த உரிமை இல்ல."

"சரி மகன்."

"சரி எண்டா?"

"நீ சொல்றது சரி. எனக்கு உரிமை இல்ல. ஆனா செஞ்சிட்டன்."

ருஷ்தி அழுதான். மூன்று கிழமை வலியில் அழாதவன், அந்த ஹெல்மெட்டைப் பிடுங்கியபோது அழாதவன், போனில் அழுதான். சிஹாப்தீன் கையைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு உங்களோட கொஞ்ச நாளைக்குக் கதைக்க ஏலாது" என்றான் ருஷ்தி. "உம்மா எழும்பினா இங்க வரச் சொல்லுங்க. உம்மா மட்டும் வந்தாப் போதும்."

அழைப்பு நின்றது.

சஃபா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அமீருன்னிசா கணவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் தன்னோடு சண்டை போட்ட மனிதர். தான் செய்தது பிழை என்று இப்போதும் நினைக்கிறவர்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"கட்டில்ல கிடக்கிறவனுக்கு நீ வேணும். தங்கச்சி வேணும்." அவர் ஜேர்சியைத் தலை வழியாகக் கழற்றினார். இறுக்கமாக இருந்ததால் சிரமப்பட்டார். அவள் எழுந்து உதவினாள். "நான் டீவி பார்க்கிற ஆள்தானே. என்னோட கோபிச்சா அவனுக்கு ஒண்டும் குறையாது."

"உங்களுக்கு?"

அவர் கழற்றிய ஜேர்சியை மடித்துக் கதிரையில் வைத்தார். லப்டொப்பைத் திறந்து, நாளைக்குக் கான்சஸ் பக்கம் போகும் விமானங்களைத் தேடத் தொடங்கினார்.

"அந்த டானா என்ட குரலைக் கேட்டிருக்கா" என்றாள் அமீருன்னிசா. "தாய் எண்டு நானே சொன்னன். அவன்ட கட்டிலுக்குப் பக்கத்தில நான் வாயத் திறந்த உடனே அவவுக்கு விளங்கிடும்."

சிஹாப்தீனின் விரல் நின்றது. அவர் அதை யோசித்திருக்கவில்லை.

"நீ போய்ச் சேர ரெண்டு நாளாகும்" என்றார். "அந்த ரெண்டு நாளைக்காவது அவன் உன்னை நம்பிக்கொண்டு படுக்கட்டும்."

பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஜன்னல் பக்கமா, நடைபாதைப் பக்கமா?"